கடற்படை வாட்சுகளைச் செய்தது யார்?

நம் வயதுக்காரர்கள் வீட்டில் பீரோ லாக்கரைத் துழாவினால் பழைய வாட்ச் ஒன்று கிடைக்கும். அப்பாவுடையதாக இருக்கும், மாமனாருடையதாக இருக்கும், இல்லையென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். ஓடாது. தூக்கிப் போடவும் மனம் வராது.

சில மாதங்களாக இந்த வாட்சுகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செல்போனில் வரும் விளம்பரங்கள்தான் காரணம். "ராணுவ வாட்ச்", "கடற்படை டைவிங் வாட்ச்", "50 வருடப் பழசு" என்று எழுதி ஆயிரக்கணக்கில் விலை போடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பி 18,000 ரூபாய் அனுப்பத் தயாராக இருந்தார். அனுப்பும் முன் படத்தைக் காட்டி, "சார், இது நெசமாவே நேவில குடுத்ததா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை விரித்து எழுதினால் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

வாட்ச் ரிப்பேர் என் தொழில் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பல வருடம் வேலை பார்த்தவன். மரையும் வாஷரும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் பழகிய கண். அந்தக் கண்ணோடு இந்த வாட்சுகளின் கதையைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எதிரே வந்தது. டயலில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பதைச் செய்த கை வேறொன்று.

முதலில், தண்ணீருக்கடியில் வாட்ச் எதற்கு? தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அடக்கிய மூச்சுதான் அவர்களுக்குக் கடிகாரம். காற்றைச் சிலிண்டரில் அடைத்து உடம்போடு கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை வந்தது. சிலிண்டரில் இருப்பது இத்தனை நிமிடத்துக்குத்தான் என்று கணக்கு. அதை மறந்தால் உயிர் போகும். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தாலும் ஆபத்து. ரத்தத்தில் கரைந்த வாயு குமிழியாகிக் கை கால்களை முடக்கிவிடும்.

அதனால் டைவிங் வாட்சுக்கு மூன்று வேலைகள். தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இருட்டில் முள் தெரிய வேண்டும். இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். மூன்றாவதற்காகத்தான் கண்ணாடியைச் சுற்றி ஒரு திருகு வளையம். இறங்கும்போது அதிலுள்ள குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால் போதும். பிறகு முள் நகர்ந்த தூரம்தான் கடலுக்குள் இருந்த நேரம்.

இந்தக் கதையில் முதலில் வருவது இத்தாலியின் பனேராய். ஃபிளாரன்ஸ் நகரத்தில் 1860ல் வாட்ச் கடையாகத் தொடங்கி, பிறகு இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் செய்துகொடுத்த குடும்பம். இருட்டில் ஒளிரும் ரேடியம் கலவைக்கு 'ரேடியோமிர்' என்று பெயர் வைத்து 1916ல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார்கள். கடற்படை தன் முக்குளி வீரர்களுக்கு வாட்ச் கேட்டதும் 1936ல் மாதிரிகள் தயாராயின. 47 மில்லிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஒரு டப்பா மூடி.

ஆனால் அந்த வாட்சைப் பனேராய் முழுக்கச் செய்யவில்லை. கேஸ் செய்தது சுவிட்சர்லாந்தின் ரோலக்ஸ். உள்ளே ஓடியது, நம் ஊர்க் கடைக்காரர்கள் 'மெஷின்' என்று சொல்கிறார்களே அது, கோர்ட்டபெர்ட் என்ற இன்னொரு சுவிஸ் தொழிற்சாலையில் பாக்கெட் வாட்சுக்காகப் பிறந்தது. டயலும் ஒளிப்பூச்சும்தான் பனேராயின் கைவேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோலக்ஸ் நிறுவனம் 1905ல் லண்டனில் தொடங்கியது. 1941 டிசம்பரில் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் இத்தாலிய வீரர்கள் 6 பேர் 3 மனித டார்ப்பிடோக்களில் புகுந்து, குயின் எலிசபெத், வேலியண்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தார்கள். அப்படிப்பட்ட வீரர்களுக்காகச் செய்த வாட்சின் கேஸ், லண்டனில் பிறந்த ஒரு நிறுவனத்தின் கேஸ்!

தண்ணீரைத் தடுக்க ரோலக்ஸ் கண்டுபிடித்த வழி என் போன்றவர்களுக்கு உடனே புரியும். 1926ல் 'ஆய்ஸ்டர்' என்ற பெயரில் வந்தது. பின்மூடியில் மரை வெட்டித் திருகி மூடுவது, சாவியிலும் மரை வெட்டி அதையும் திருகி மூடுவது. தண்ணீர்க் குழாயில் நாம் செய்வதுதான். அதை இத்தனை சின்ன அளவில் சரியாக வெட்டியதுதான் சாமர்த்தியம்.

அடுத்தது பிரான்ஸ். 1952ல் ராபர்ட் மலூபியே என்ற அதிகாரி கடலடித் தாக்குதலுக்கான படைப்பிரிவை உருவாக்கினார். அவரும் குளோத் ரிஃபோ என்ற இன்னொரு அதிகாரியும் தங்களுக்கு வேண்டிய வாட்சைக் காகிதத்தில் வரைந்தார்கள். கறுப்பு டயல், பெரிய எண்கள், தெளிவான முள், சுற்றி வளையம். பிரான்சிலேயே லிப் என்ற கம்பெனியிடம் முதலில் போனார்கள், அங்கே பலிக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் கம்பெனித் தலைவர் ழான்-ழாக் ஃபீஷ்டேர் ஏற்றுக்கொண்டார். அவரே முக்குளிப்பவர், கடலுக்கடியில் காற்று தீர்ந்து தவித்த அனுபவமும் உள்ளவர். 1953ல் வந்த வாட்சின் பெயர் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்'. காசிமேட்டில் ஆழத்தைப் 'பாகம்' கணக்கில் சொல்வார்களே, ஏறக்குறைய அதே அளவுதான் ஃபாதம், 6 அடி. அப்படியென்றால் வாட்சின் பெயர் 'ஐம்பது பாகம்', சுமார் 91 மீட்டர். இன்றைக்கு விற்கும் டைவிங் வாட்சுகள் பெரும்பாலும் இந்த வரைபடத்தின் பிள்ளைகள்.

இங்கேயும் பெயர்க் குழப்பம் உண்டு. பிளாங்பான் குடும்பத்தின் கடைசி வாரிசு 1932ல் இறந்ததும், அங்கே வேலை பார்த்த பெட்டி ஃபீஷ்டேர் என்ற பெண்மணி ஒரு பங்காளியோடு சேர்ந்து கம்பெனியை வாங்கினார். குடும்பத்தார் யாரும் இல்லாததால் பழைய பெயரைக் கம்பெனிக்கு வைக்க முடியவில்லை. வில்லெரே என்ற அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு 'ரேவில்' என்று பதிவு செய்தார்கள். டயலில் பிளாங்பான், பதிவேட்டில் ரேவில், ஆரம்பகால வாட்சுகளின் உள்ளே ஏ. ஷில்ட் என்ற மூன்றாவது கம்பெனியின் மெஷின். இதையே அமெரிக்கக் கடற்படைக்கு ஆலன் டோர்னெக் என்ற நியூயார்க் வியாபாரி கொடுத்தபோது டயலில் 'டோர்னெக்-ரேவில்' என்று வந்தது. உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்ற சட்டம் அங்கே இருந்ததால் பெயரும் அதற்கேற்ப மாறியது. ஒரே வாட்ச், இரண்டு பெயர்.

பிரிட்டிஷ் கடற்படை தானே வாட்ச் செய்யவில்லை. 1960களில் ஒமேகா, 1970களில் ரோலக்ஸ் என்று வாங்கித் தன் தேவைக்கு மாற்றச் சொன்னது. ஸ்ட்ராப் பின் கழன்று கடலில் விழக் கூடாது என்று கம்பியைக் கேஸோடு பற்றவைத்தார்கள். டயலில் வட்டத்துக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்து, உள்ளே டிரிட்டியம் பூச்சு இருக்கிறது என்பதற்கு அடையாளம். பின்மூடியில் அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி, கடற்படைக்கான 0552 என்ற எண், வரிசை எண், வருடம். அந்த ரோலக்ஸ் வாட்சுகள் இப்போது ஏலத்தில் கோடி ரூபாய்க்கும் மேல் போயிருக்கின்றன. அன்றைக்கு அது ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான். ஸ்பேனர் மாதிரி.

டயலில் பெயரே வராதவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பாஸ்கூர் என்ற ஊரில் எர்வின் பிக்கெரெஸ் என்பவரின் தொழிற்சாலை, சுருக்கமாக 'எப்சா'. அவர்கள் கேஸ் மட்டுமே செய்தார்கள். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமே பின்மூடியை வாஷர் மேல் இன்னும் இறுக்கும்படி அமைத்த கேஸ் அது. லாஞ்சின், ஜேகர்-லகூல்த்ர், ஹாமில்டன், எனிகார் என்று போட்டியாளர்கள் எல்லோருமே அங்கே கேஸ் வாங்கினார்கள். மூடியைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் முக்குளிப்பவர் அணியும் தலைக்கவசம் போல ஒரு சின்ன முத்திரை. அந்தத் தொழிற்சாலையின் கையெழுத்து அது மட்டும்தான்.

சோவியத் நாட்டின் கதை இன்னும் சுற்று வழி. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் காண்டன் நகரத்து டூபர்-ஹாம்ப்டன் கம்பெனி திவாலானதும், அதன் இயந்திரங்களை சோவியத் அரசு மொத்தமாக வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. வேலை கற்றுக்கொடுக்க அந்த ஊர்த் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கூடவே போனார்கள். 1930ல் மாஸ்கோவில் முதல் தொழிற்சாலை இப்படித்தான் எழுந்தது. 1941ல் ஜெர்மன் படை நெருங்கியபோது, மாஸ்கோவின் இரண்டாவது தொழிற்சாலையைக் காமா ஆற்றங்கரையில் சிஸ்தபோல் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கேதான் 'வஸ்தோக்' வளர்ந்தது. 1967ல் அவர்கள் கொண்டுவந்த 'அம்ஃபீபியா' 200 மீட்டர் தாங்கும். பின்மூடி தனி, அதை இறுக்கும் வளையம் தனி. இறுக்கும்போது வாஷர் முறுக்கிக்கொள்ளாது. கண்ணாடியும் தடித்த பிளாஸ்டிக், அழுத்தம் ஏறினால் லேசாக வளைந்து இன்னும் நன்றாக அடைத்துக்கொள்ளும். இந்த அமைப்பைப் படித்தபோது டூல் ரூம்காரனாக எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. அதே 1967 டிசம்பரில்தான் நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். கல்வரி சோவியத் துறைமுகமான ரீகாவில் நம் கடற்படையில் சேர்ந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். மெட்ராஸில் பழைய குடும்பங்களில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று டயலில் எழுதிய பாக்கெட் வாட்ச் இருக்கும். 1849ல் தொடங்கிய மவுண்ட் ரோடு கடை அது. உள்ளே இருந்தது சீமைச் சரக்கு, டயலில் கடைப் பெயர். பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் விரும்பிக் கட்டிய வெஸ்ட் எண்ட் கம்பெனியின் 'சொவார்' வாட்சும் அப்படித்தான். பெயர் இந்தியக் குதிரை வீரனுடையது, பிறந்தது சுவிட்சர்லாந்தில்.

உண்மையான இந்திய வாட்ச் 1961ல் வந்தது. பெங்களூரில் எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து ஆரம்பித்தது. முதலில் ஜப்பானிலிருந்து பாகங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே இங்கே. அந்தக் கம்பெனியின் 'ஜவான்' ராணுவத்தினரை மனத்தில் வைத்துச் செய்த வாட்ச். சாவி கொடுத்து ஓடுவது, 17 கல், பளிச்சென்ற எண்கள். அது டைவிங் வாட்ச் இல்லை. திருகு வளையம் கிடையாது, சாவியில் மரை கிடையாது. எங்கள் தெருத் தம்பி காட்டிய படத்தில் 'ஜவான்' என்ற பெயரோடு, நங்கூரமும் ஆழ அளவும் சிவப்பில் எழுதியிருந்தன. பழைய மெஷினை எடுத்து, டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, விற்பவன் மனம் போல எழுதிய சரக்கு அது. இப்படிப்பட்டவை மும்பைப் பக்கமிருந்து உலகம் முழுக்கப் போகின்றன. தம்பியின் பணம் தப்பியது.

நீங்களும் பார்ப்பதானால் சில அடையாளங்கள். நாற்பது ஐம்பது வருட வாட்சில் டயல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்து தடித்து, நெளிந்து இருந்தால் அது கையால் மறுபடி அச்சடித்தது. டைவிங் வாட்ச் என்று சொன்னால் சாவியும் பின்மூடியும் எப்படி மூடுகின்றன என்று கேளுங்கள். ராணுவ எண் இருந்தால் பொறித்த பள்ளத்தில் பழைய அழுக்கும் தேய்மானமும் இருக்கும். புதிதாகப் பொறித்தது விளிம்பில் மினுங்கும்.

இன்னொரு எச்சரிக்கை, இது பணத்தைவிட முக்கியம். நமக்கு இருட்டில் மின்னுவதெல்லாம் 'ரேடியம்'. வண்டி நம்பர் பிளேட்டில் ஒட்டுவதும் ரேடியம் ஸ்டிக்கர்தான். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் இல்லை. ஆனால் 1950களிலும் அதற்கு முன்பும் செய்த பல வாட்சுகளில் நிஜமான ரேடியம் உண்டு. அதனோடு கலந்த துத்தநாகப் பொடி சில பத்தாண்டுகளில் தேய்ந்துபோவதால் முள் ஒளிர்வது நின்றுவிடும். ரேடியமோ பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். ஒளிரவில்லையே என்று டயலைத் திறந்து சுரண்டாதீர்கள், பேரப்பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். அந்தப் பொடி மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ரேடியம் பூசும் வேலைக்கு வந்த இளம் பெண்களுக்கு, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். 5 பெண்கள் வழக்குப் போட்டு, 1928ல் இழப்பீடு பெற்றார்கள். அவர்கள் பூசிய வாட்சுகளைப் போர்வீரர்களும் கட்டியிருந்தார்கள். எந்த டயலிலும் அந்தப் பெண்களின் பெயர் இல்லை.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் திருவொற்றியூர்தான் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்பது ஊசி செய்து பிழைத்த ஊர். அங்கே ஒரு ஊசிப் பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பெனி, என்ஃபீல்டு என்ற ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்தது. அந்தப் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டது. 1952ல் நம் ராணுவம் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் 500 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955ல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்து, அந்த வருடம் 163 வண்டிகள் பூட்டினார்கள். முதலில் கப்பலில் வந்த பாகங்கள், பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் இங்கேயே வந்தன. ரெடிட்ச் ஆலை 1967ல் மூடியது. 1977ல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. டாங்கியில் இருந்தது சீமைப் பெயர். கிராங்க் கேஸைக் கடைந்தவர்கள் தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் சைக்கிளில் ஷிஃப்டுக்கு வந்தவர்கள்.

எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலைகளை மூட மத்திய அரசு 2016ல் முடிவு செய்தது. குவார்ட்ஸ் வந்தது, ஓசூரில் டைட்டன் வந்தது, சாவி கொடுக்கிற வாட்சுக்குக் காலம் போய்விட்டது. மூடிய பிறகுதான் 'ஜவான்' சேகரிப்பாளர் பொருளாகி விலை ஏறியது. அதைப் பூட்டிய கைகளுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

அதனால் என் யோசனை இது. வீட்டில் இருக்கும் பழைய வாட்சை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தில் அது யாருடையது, எந்த வருடம், எங்கே வாங்கியது, அவர் என்ன வேலை பார்த்தார் என்று எழுதி அதே டப்பாவில் போட்டு வையுங்கள். பின்மூடியில் எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், எந்த மெஷினில் எந்தப் பாகத்தைச் செய்தோம் என்று ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். இத்தாலியக் கடற்படை வாட்சுக்குள் யாருடைய கேஸ், யாருடைய மெஷின் என்று இன்றைக்கு நாம் பேச முடிகிறதென்றால், எங்கோ யாரோ கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான்.